ஜோர்ஜியாக் காட்டு அணு ஆய்வுக்கூடமும் நம்ம பைனஸ் காட்டுக் கொங்கிரீட் அறையும்

பைனஸ்காடு
அமெரிக்காவில ஜோர்ஜியா மாநிலத்துக் காட்டுக்குள்ள கைவிட்ட அணு ஆய்வுக்கூடம் பத்தின வீடியோ ஒண்ணு தோட்டத்து வட்ஸ்அப் குரூப் எல்லாத்திலயும் சுத்துது. கூடவே ஒரு போட்டோ: நம்ம டிவிசனுக்கு மேல பைனஸ் காட்டுக்குள்ள இருக்கிற கதவில்லாத கொங்கிரீட் அறை, சுவத்தோரம் கதிர்வீச்சு அளக்கிற ஒரு கைகர் மீட்டர், திரையில மணிக்கு 0.34 மைக்ரோசீவர்ட். "வெள்ளைக்காரன் இங்கயும் என்னமோ செஞ்சுட்டுப் போயிருக்கான்" என்று கதை கட்டிட்டாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க. அமெரிக்கக் கதை எவ்வளவு உண்மை? அந்தக் காடு இன்னும் ஆபத்தா? 0.34 என்றால் ஆளுங்க அந்தப் பக்கம் விறகுக்குப் போகலாமா?

ஊவா_வாத்தியார்
அமெரிக்கக் கதை உண்மை. டோசன்வில் ஊருக்குப் பக்கத்தில், எட்டோவா ஆறு ஓடும் காட்டில், ஏறத்தாழ 10,000 ஏக்கர். அமெரிக்க விமானப்படைக்காக லொக்ஹீட் கம்பெனி 1950களின் கடைசியிலிருந்து நடத்தி, 1971இல் மூடியது. பிறகு அட்லாண்டா மாநகரம் இரண்டாவது விமான நிலையம் கட்டலாம் என்று நிலத்தை வாங்கியது. விமான நிலையம் வரவில்லை. இப்போது அது டோசன் காடு. மாநில வனத்துறை பார்த்துக்கொள்கிறது, ஆட்கள் நடக்கவும் குதிரை ஓட்டவும் போகிறார்கள்.

அங்கே அணு உலையைத் திறந்த வெளியில் ஓட்டினார்கள் என்பதுதான் பலருக்கு நம்ப முடியாமல் இருக்கிறது. அணு உலையின் சக்தியில் பறக்கும் விமானம் கட்டும் திட்டத்துக்கான இடம் அது. காரணம் எடை. அணு விமானத்தில் உலையைச் சுற்றி முழுக் கவசம் போட்டால் விமானம் எழும்பாது. ஆகவே விமானி இருக்கும் பக்கம் மட்டும் கனமான கவசம், மற்றப் பக்கங்களில் குறைவு என்று திட்டம் போட்டார்கள். அப்படியானால் டயர், ஹைட்ரோலிக் எண்ணெய், ரப்பர் வளையம், டிரான்சிஸ்டர் எல்லாம் நியூட்ரானிலும் காமாக் கதிரிலும் குளிக்கும். அவை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கத்தான் இந்த இடம். 10 மெகாவாட் உலை தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும். சோதனைச் சாமான்களை ரயில் பெட்டியில் ஏற்றி அதைச் சுற்றி நிறுத்துவார்கள். ஆட்கள் நிலத்தடி அறைக்குள் போனபின் ஹைட்ரோலிக் லிஃப்டில் உலை மேலே வரும். வேலை முடிந்ததும் திரும்பத் தொட்டிக்குள். கதிரடித்த சாமான்களைத் தடித்த கொங்கிரீட் சுவர் வைத்த கட்டிடத்துக்குள் கொண்டுபோய், இயந்திரக் கைகளால் பிரித்துப் பார்ப்பார்கள். அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறது, சுற்றி வேலி.

"அணு விமானம் பறந்தது" என்று வீடியோவில் சொல்வது பாதிதான் சரி. என்பி-36எச் என்ற விமானம் 1955 முதல் 1957 வரை 47 தடவை பறந்தது. உள்ளே 1 மெகாவாட் உலை ஓடியதும் உண்மை. ஆனால் அந்த உலை விமானத்தைத் தள்ளவில்லை, கவசத்தைச் சோதிக்க ஏற்றிய சுமை. அதுவும் ஜோர்ஜியாவில் இல்லை, டெக்சாஸில். ஏறத்தாழ 100 கோடி டொலர் போனபின், 1961 மார்ச்சில் கென்னடி திட்டத்தையே நிறுத்தினார். லொக்ஹீட் இடம் அதன்பிறகும் பத்து வருசம் வேறு கதிர்வீச்சு வேலைகளுக்கு ஓடியது.

பைனஸ்காடு
நன்றி சேர். உலையைத் திறந்த வெளியில ஓட்டியிருந்தா காடு நாசமாகியிருக்கணுமே? குதிரை ஓட்டுறாங்க என்கிறீங்க.

ஊவா_வாத்தியார்
நாசமானது, பிறகு முளைத்தது. எமரி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளாட் அங்கே தாவரங்களை ஆராய்ந்தார். பைன் மரம் சீக்கிரம் சாகும், ஓக் தாங்கும். பைனின் குரோமோசோம்கள் பெரியவை, கதிர் படும் இலக்கும் பெரிது. 1961இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துச் செய்த காட்டுச் சோதனையிலும் இதே வரிசைதான் வந்தது: முதலில் பைன், பிறகு ஓக், கடைசிவரை நின்றது ஒரு கோரைப்புல்.

கதிர் பட்டு மரம் செத்தது வேறு, மண் கதிரியக்கமாக மாறுவது வேறு. வீடியோக்காரர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். காமாக் கதிர் எதையும் கதிரியக்கப் பொருளாக்காது, அதற்கு நியூட்ரான் வேண்டும். மண்ணில் நியூட்ரான் பட்டால் முக்கியமாக உண்டாவது அலுமினியம்-28 (அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 2.2 நிமிடம்), மாங்கனீஸ்-56 (2.6 மணி), சோடியம்-24 (15 மணி). காற்றில் ஆர்கன்-41, 1.8 மணி. உலையை நிறுத்திய ஒரு கிழமைக்குள் இவை கணக்கிலேயே வராது.

நின்று பிடிப்பது இரும்பும் கொங்கிரீட்டும். உருக்கில் கொஞ்சம் கோபால்ட் எப்போதும் இருக்கும். அது கோபால்ட்-60 ஆகும், அரை ஆயுள் 5.27 வருசம். கொங்கிரீட்டில் துளி யூரோப்பியம் இருக்கும். அது யூரோப்பியம்-152, 13.5 வருசம். 1971க்குப் பிறகு 54 வருசம் என்று வையுங்கள். கோபால்ட் பத்து அரை ஆயுளைத் தாண்டிவிட்டது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யூரோப்பியம் நான்கு அரை ஆயுள், பதினாறில் ஒன்று. அதனால்தான் காட்டில் நடக்கலாம், அந்தக் கட்டிடத்துக்கு மட்டும் வேலி.

மூடுபனி
ஒரு திருத்தம், குரூப்ல சுத்துற மெசேஜுக்கு. "ஜோர்ஜியாக் காட்டுல விறகு பொறுக்கப் போனவங்க கதிர் பட்டு வெந்து போனாங்க" என்று அதில் இருக்கு. அது அமெரிக்க ஜோர்ஜியா இல்லை, கருங்கடல் பக்கம் இருக்கிற ஜோர்ஜியா நாடு. 2001 டிசம்பர், லியா கிராமம், இங்குரி அணைக்கட்டுப் பக்கம். மூணு பேர் காட்டுக்குள்ள ரெண்டு உலோக உருளையைக் கண்டாங்க. சுத்தி பனி உருகியிருந்தது, கிட்டப் போனா சூடு. ராத்திரி குளிருக்கு அதையே அடுப்பு மாதிரி வெச்சுக்கிட்டுப் படுத்தாங்க. சில மணி நேரத்தில வாந்தி. சோவியத் காலத்து மின் ஜெனரேட்டர்ல இருந்த ஸ்ட்ரோன்டியம்-90 கதிர் மூலங்கள் அவை. மூணு பேர்ல ஒருத்தர் பிறகு இறந்தார்.

தம்பி கேட்ட விறகுக் கேள்விக்கு இந்தச் சம்பவத்தில பதில் இருக்கு. மூடின ஆய்வுக்கூடத்துச் சுவர் ஆளைக் கொல்றது அபூர்வம். கொல்றது கையில எடுக்கக்கூடிய சின்னச் சாமான். 1987இல பிரேசில் கொயானியாவில கைவிட்ட கிளினிக்கில இருந்த சீசியம்-137, பழைய இரும்புக் கடை வழியாப் பரவி நாலு பேர் செத்தாங்க. 2010இல டெல்லி மாயாபுரியிலயும் பழைய இரும்புச் சந்தைதான், கோபால்ட்-60, ஒருத்தர் இறந்தார்.

சோல்டர்புகை
போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். தெளிவான பிளாஸ்டிக் மூடி, உள்ள கண்ணாடிக் குழாய். ஜே305 ரகக் கைகர் குழாய் மாதிரி தெரியுது. தம்பி, நாலு விசயம் கேட்டுச் சொல்லுங்க: எத்தனை நிமிசம் எண்ணினது? அப்ப மழை பெஞ்சு எவ்வளவு நேரம்? வெயில் குழாய் மேல பட்டுச்சா? போன் எங்க இருந்துச்சு?

பைனஸ்காடு
கேட்டேன் அண்ணே. ஒரு நிமிசம்தான். பெரிய மழை விட்டு பத்துப் பதினைஞ்சு நிமிசம். வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. போட்டோ எடுத்த போன் பக்கத்திலயேதான்.

சோல்டர்புகை
அப்ப அந்த 0.34ஐ நம்பவே வேணாம். ஒவ்வொண்ணா வாங்க.

குழாய் எண்றது கதிர் பட்டு வர்ற மின்துடிப்பை மட்டும். மைக்ரோசீவர்ட் என்று காட்டுறது போர்டுல எழுதின ஒரு பெருக்கல். ஜே305க்கு வழக்கமாப் போடுறது நிமிசத்து எண்ணிக்கை பெருக்கல் 0.0081. எஸ்பிஎம்-20 என்கிற இன்னொரு ரகக் குழாய்க்கு 0.0057. குழாயை மாத்திட்டு எண்ணை மாத்தாம வித்தா நாப்பது சதவீதம் அங்கயே பிழையாகிரும். 0.34 என்றா அந்த ஒரு நிமிசத்தில விழுந்தது நாப்பத்து ரெண்டு துடிப்பு. நாப்பத்து ரெண்டுக்கு வர்க்கமூலம் ஆறரை. அதாவது ஒண்ணுமே மாறாம அடுத்த நிமிசம் முப்பத்தைஞ்சும் வரலாம், ஐம்பதும் வரலாம். பத்து நிமிசம் எண்ணினா பிழை மூணுல ஒண்ணாக் குறையும். அரை மணிக்குக் குறைஞ்ச எண்ணிக்கையை வெச்சு ரெண்டு இடத்தை ஒப்பிடாதீங்க.

வெயில்: கண்ணாடிக் குழாய்க்குள்ள வெளிச்சம் பட்டா அதுவே எலக்ட்ரானைக் கிளப்பிப் பொய்த் துடிப்பு தரும். கறுப்பு இன்சுலேசன் டேப் ஒரு சுத்து, இல்லாட்டி மீட்டரைக் கறுப்புத் துணிக்குள்ள வையுங்க. எஸ்பிஎம்-20க்கு உருக்கு உடம்பு, இந்தத் தொல்லை இல்ல.

போன்: கோல் வரும்போதோ டவர் தேடும்போதோ அது விடுற அலை உயர் மின்னழுத்தப் பக்கத்தில துடிப்பாப் பதியும். சிக்னல் இல்லாத காட்டுல போன் முழுப் பவர்ல தேடும், இன்னும் மோசம். பிளைட் மோட்ல போட்டு ரெண்டு மீட்டர் தள்ளி வையுங்க.

நம்ம ஊருக்கே உள்ள கேடு ஈரம். குழாய்க்கு 400 வோல்ட் போகுது, தொடர்ல 5 மெகாஓம் அளவு ரெசிஸ்டர். மூடுபனி போர்டுல படிஞ்சா, சோல்டர் பிளக்ஸ் அழுக்கு வழியா அந்த 400 வோல்ட் கசியும். சில நேரம் எண்ணிக்கை தாறுமாறா ஏறும், சில நேரம் வோல்ட்டேஜ் இறங்கிக் குழாய் மௌனமாகிரும். ஏறினா சந்தேகப்படுவீங்க, இறங்கினா "ஆபத்து இல்ல" என்று நம்பிட்டு நிப்பீங்க, அதுதான் கெட்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல பழைய டூத்பிரஷ் வெச்சுக் கழுவி, நல்லாக் காயவிட்டு, உயர் மின்னழுத்தப் பக்கம் மட்டும் வார்னிஷ் ஒரு பூச்சு. டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு. குழாயைச் சாதாரண மல்டிமீட்டர்ல அளந்து "வோல்ட் குறைவு" என்று முடிவெடுக்காதீங்க. மீட்டரோட 10 மெகாஓம் அந்தச் சுத்துக்குப் பெரிய சுமை, தொட்டதுமே வோல்ட் விழுந்திரும்.

ஊவா_வாத்தியார்
மழையைப் பற்றி நான் சேர்க்கிறேன். நிலத்திலிருந்து வரும் ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் காற்றுத் தூசியில் ஒட்டியிருக்கும். மழை அவற்றைக் கழுவி நிலத்தில் இறக்கும். அரை ஆயுள் 27 நிமிடமும் 20 நிமிடமும். மழை விட்டவுடன் அளந்தால் ஏறும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். சோதிக்க வேண்டுமா? மழை விட்டதும் நனைந்த வேன் போனட்டை ஒரு டிஷ்யூவால் துடைத்து, அதைக் குழாயோடு ஒட்டி வைத்து எண்ணுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் குறித்தால் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதி பாதியாக இறங்கும். கோபால்ட்டோ சீசியமோ ஒரு மத்தியானத்தில் அப்படி இறங்காது.

உயரமும் ஒரு காரணம். கடல் மட்டத்தில் விண்கதிர் மணிக்கு 0.03 மைக்ரோசீவர்ட் அளவு. நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே அது ஏறத்தாழ இரட்டிப்பு. கொழும்பில் எடுத்த எண்ணோடு நானுஓயாவில் எடுத்ததை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

கல்லுமாமா
நம்ம நாட்டு மலைக்கல்லுக்கும் இதில் பங்கு உண்டு. வெள்ளைக்காரன் எதையும் புதைக்கத் தேவையில்லை, பலாங்கொடைப் பக்கத்து ஆற்று மணலில் இயற்கையே போட்டு வைத்திருக்கிறது. கறுப்பாக, கன சதுரமாக, அளவுக்கு மிஞ்சின பாரத்தோடு வரும் தோரியனைட் என்ற கதிரியக்கக் கல். இரும்பைவிடக் கனம், இல்லம் (இரத்தினக்கல் கலந்த சரளை) கழுவும்போது கூடையின் அடியிலேயே நிற்கும். பெரும்பகுதி தோரியம் ஒக்சைட், மிச்சத்தில் யுரேனியம். 1904இல் இதைக் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசாமி. கலை விமர்சகர் என்று எல்லோரும் படிக்கும் அதே மனிதர், அப்போது இலங்கைக் கனிம ஆய்வுக்குத் தலைவர். அடுத்த வருசம் லண்டனில் வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வுக்கூடத்தில் ஒட்டோ ஹான் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுத்தது இந்த இலங்கைக் கல்லிலிருந்துதான். பின்னாளில் அணுப்பிளவைக் கண்டுபிடித்த ஹான் அவரே. ஜோர்ஜியாக் கதையை ஆவென்று பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

இரத்தினபுரிப் பக்கத்துப் பச்சைக் கல் எக்கனைட் இன்னொன்று. உள்ளே இருக்கும் தோரியமே அதன் படிக அமைப்பை உடைத்து, பார்க்கக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது. அழகாயிருக்கிறது என்று மோதிரத்தில் பதிக்க வேண்டாம், விரலோடு ஒட்டி வருசக்கணக்கில் கிடக்கும். இந்தக் கற்களை அரைக்கும்போது வரும் தூசுதான் பெரிய கேடு. உலரவைத்து அரைக்கவே கூடாது.

ஒரு கொங்கிரீட்டுக்கு இந்த மாதிரி மணல் கலந்திருந்தாலும் மீட்டர் ஏறும். தம்பியின் அறை கொங்கிரீட்டா, கருங்கல் கட்டா?

பைனஸ்காடு
கீழ்ப்பாதி கருங்கல், மேல கொங்கிரீட் மாமா. நடுவில ஒரு குழி, சுவத்தில பெரிய வட்ட ஓட்டை. மேல ஓடையில பாழடைஞ்ச தொட்டி ஒண்ணும் இருக்கு.

தேயிலைத்தூள்
தொட்டி, வட்ட ஓட்டை, குழி மூணும் இருந்தா அது டர்பைன் வீடுங்க. கரண்ட் லைன் வர்றதுக்கு முந்தி பல ஃபெக்டரிகள் சொந்தமாத் தண்ணியில ஓடுச்சு. மேல தொட்டி, அங்கயிருந்து உருக்குக் குழாய், அது நுழையுற ஓட்டை, டர்பைன் சுத்தின பிறகு தண்ணி விழுற குழி. சுவர் தடிப்பா இருக்கிறது அதிர்வு தாங்க. டர்பைனையும் குழாயையும் பழைய இரும்புக்குக் கழட்டிட்டுப் போனா மிச்சம் இருக்கிறது இந்த மர்ம அறைதான். குழிக்குள்ள தழை மூடிக்கிடக்கும், கம்பு குத்திப் பாக்காமக் கால் வைக்காதீங்க. உள்ளே கூரையில குளவிக் கூடு இருக்கான்னு மீட்டரை எடுக்கிறதுக்கு முன்ன பாருங்க. தோட்டத்தில வருசா வருசம் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது குளவிதான்.

பிறகு இந்த மாதிரி அறைகளை உர ஸ்டோராவும் பாவிச்சிருக்காங்க. அதையும் விசாரிங்க.

சோல்டர்புகை
உர ஸ்டோரா? அப்ப வேலை சுலபம். எம்ஓபி உரம், அதாவது பொட்டாசியம் குளோரைட், பாதிக்கு மேல பொட்டாசியம். பொட்டாசியத்தில இயற்கையாவே கொஞ்சம் கதிரியக்கப் பொட்டாசியம்-40 இருக்கும், ஒரு கிராம் பொட்டாசியத்துக்கு செக்கனுக்கு 31 சிதைவு. ஐம்பது கிலோச் சாக்குல செக்கனுக்கு எட்டு லட்சம். மீட்டரைச் சாக்கோட ஒட்டினா யாருக்கும் தெரியும். பயப்பட ஒண்ணுமில்ல, நம்ம உடம்பிலயும் அதே பொட்டாசியம்-40 இருக்கு.

இதைக் கண்டுபிடிக்கிற வழி: மழை இல்லாத நாள், கறுப்பு டேப் சுத்தின குழாய், தரையிலிருந்து ஒரே உயரம். மூணு இடம், ஒவ்வொண்ணிலயும் 30 நிமிசம் மொத்த எண்ணிக்கை: வெளியில திறந்த இடம், அறை நடு, 0.34 காட்டின அதே மூலை. பிறகு மூலையிலயே குழாய்க்கும் சுவத்துக்கும் நடுவில 3 மில்லிமீட்டர் அலுமினியம் வெச்சு இன்னொரு 30 நிமிசம். தகடு இல்லாட்டி சட்டி மூடிகளை அடுக்குங்க, ஒண்ணு 1 மில்லிமீட்டர் இருக்கும். பொட்டாசியம்-40 விடுறதுல நூத்துக்கு 89 பீட்டா, அதாவது எலக்ட்ரான், சக்தி அதிகபட்சம் 1.3 எம்ஈவி, 3 மில்லிமீட்டர் அலுமினியத்தைத் தாண்டாது. கோபால்ட்-60 ஓட காமா என்றா மூடிகளை மதிக்கவே மதிக்காது, எண்ணிக்கை அப்படியே நிக்கும்.

மூடுபனி
அளக்கப் போறவங்களுக்கு. வழியிலேயே எண்ணிக்கை நிமிசத்துக்கு நூறு இருநூறு என்று ஏறிக்கிட்டே போனா அங்கயே நின்னு வந்த வழியே திரும்புங்க. சின்ன மூலத்துக்கு ஒரு மீட்டரிலிருந்து ரெண்டு மீட்டருக்குப் போனாலே கால்வாசி. மூலத்துக்கு ரொம்பக் கிட்டப் போனா மலிவு மீட்டர் திணறிப் பூச்சியம் காட்டும், அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்காதீங்க.

மலைநாட்டில காணாமப் போகக்கூடியது என்னன்னா, நீர்மின் குழாய் வெல்டிங்கைப் படம் பிடிக்கிற இரிடியம்-192 மூலம்: ஒரு வளையுற கம்பி நுனியில விரல் நுனி அளவு உருக்குக் குப்பி. அரை ஆயுள் 74 நாள், புதுசா இருந்தா சட்டைப் பையில போட்ட ஆளோட தொடையையே அழிக்கும். இன்னொண்ணு பாதை வேலையில தார் அடர்த்தி பாக்கிற மஞ்சள் பெட்டி, உள்ள சீசியம்-137உம் அமெரிசியம்-241உம். மூணு இதழ் அடையாளம் இருந்தாலோ, எழுத்து அழிஞ்ச ஈயம் மாதிரி பாரமான சின்ன டப்பா கிடைச்சாலோ, தொடாதீங்க, உடைக்காதீங்க, பழைய இரும்புக்காரருக்குக் குடுக்காதீங்க. இடத்தைக் குறிச்சு, ஆள் போகாமப் பாத்துக்கிட்டு, பொலிஸ் 119 அல்லது அனர்த்த முகாமைத்துவம் 117. 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்கச் சட்டப்படி இதற்குப் பொறுப்பு அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை, அவங்க வந்து எடுப்பாங்க.

பைனஸ்காடு
அண்ணே சொன்ன மாதிரியே எடுத்தாச்சு. 30 நிமிச மொத்தம்: வெளியில 540. அறை நடு 690. மூலை 1,080. மூலையில மூணு மூடி வெச்சு 750. மூலைச் சுவத்தில வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி இருக்கு. பழைய ஆளுங்க சொல்றாங்க, அங்க உரம் அடுக்கி வெச்சிருந்தாங்களாம்.

ஊவா_வாத்தியார்
540க்கும் 690க்கும் உள்ள வித்தியாசம் உண்மையானது. பிழை எல்லை ஒவ்வொன்றிலும் 25 அளவுதான். வெளியில் கல் கீழே மட்டும், அறைக்குள் நாலு பக்கமும் கல். கருங்கல் வீடு எதிலும் இப்படி வரும். மூலையில் அறை நடுவைவிட 390 அதிகம். அதில் 330 மூடியில் நின்றுவிட்டது. பீட்டாதான். உலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பைனஸ்காடு
அந்த உப்பைச் சுரண்டி எடுக்கணுமா?

சோல்டர்புகை
சுரண்டாதீங்க, தூசு கிளம்பும். பொட்டாசியம் உப்பு தண்ணியில கரையும். நாலு வாளி ஊத்தி ஈர்க்கு விளக்குமாத்தால தேச்சு விட்டு, சுவர் காஞ்ச பிறகு அதே மூலையில 30 நிமிசம் எண்ணுங்க. 700 பக்கம் இறங்கியிருந்தா குரூப்ல ரெண்டு எண்ணையும் சேத்தே போடுங்க. ஊத்துறதுக்கு முன்ன, அந்தக் குழித் தண்ணி கீழ எந்தப் பீலிக்குப் போகுதுன்னு பாத்துக்கோங்க. கதிருக்காக இல்ல, குடிக்கிற தண்ணியில உர உப்பு கலந்தா லயத்துல ஏச்சு விழும்.